எல்லோருக்கும் தனித்தனியாகத் தலை சுற்றிய சாயங்காலம்

பூமி ஆடினால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. வெள்ளம் தெரியும். ஆற்றில் உடைப்பெடுத்தால் மாட்டை எந்தப் பக்கம் ஓட்டவேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். புயல் தெரியும். மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருடம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். ஆனால் நிலம் என்பது உழுவதற்கும், வரப்பை வெட்டிப் பங்காளியோடு சண்டை போடுவதற்கும் இருக்கிற பொருள். அது பாட்டுக்குக் கிடக்கும். அது ஒருநாள் அசையும் என்று யார் நினைப்பார்கள்? அதனால் அது அசைந்தபோது நான் நிலத்தைச் சந்தேகப்படவில்லை. என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல, என் பெரிய மகனின் மகள் எழுதுகிறாள். "இது வெக்கக்கேடான கதையாச்சே அப்பாயி, இதையா எழுதச் சொல்றீங்க?" என்று கேட்டாள். வெட்கக்கேடுதான். ஆனாலும் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்ய? ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் கடல் ஏறி வந்ததற்கு முந்தைய கதை இது. அதைச் சிரிப்போடு சேர்த்துப் பேசுகிறவள் இல்லை நான்.

குஜராத்தில் ஊர் ஊராக இடிந்து விழுந்ததை டிவியில் காட்டினார்களே, அந்த வருடம். நாங்களும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டியல் தூக்கிக்கொண்டு வந்தார்கள், போட்டோம். "அங்கல்லாம் பாறை. நம்ம மண்ணு களி. வெண்ண மாதிரி. இதுக்கு அந்தப் புத்தி வராது" என்றார் என் வீட்டுக்காரர். மண்ணைப் பற்றி அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். பெரியவன் அப்போது சிங்கப்பூரில் இருந்தான். அவன் அனுப்பியதில் கூடத்துக்கு வழவழவென்று தரை போட்டு, சுவரில் ஒரு கண்ணாடி ஷோகேஸ் வைத்தோம். ஷோகேஸ் வந்த பிறகுதான் அதில் வைக்க நம்மிடம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. காலியான கோடாலித் தைலப் பாட்டில்களைக்கூடக் கழுவி அடுக்கினேன். அப்புறம் அவன் லீவில் வந்தபோது கண்ணாடிக் குவளைகளும், பீங்கானில் ஒரு வாத்தும் அதன் குஞ்சுகளும் கொண்டுவந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வாத்தைப் பார்க்காமல் போக விடமாட்டேன். தபால்காரர்கூடப் பார்த்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு இருந்தது என் கடைக்குட்டி. பி.காம். முடித்திருந்தாள். ஒரு நல்ல இடம் கூடிவந்து தட்டிப்போயிருந்தது. காரணம் அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அந்த மாதிரிக் காரணமெல்லாம் எப்படியாவது வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். பெண்ணுக்கு வலிப்பாம்.

நடந்தது இவ்வளவுதான். சின்ன வயதில் ஊர்த் தீமிதி அன்று வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றாள், மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் கேட்டாள். விழுந்ததை ஊரே பார்த்தது. பஞ்சுமிட்டாய் கேட்டதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அது வளர்ந்து வலிப்பாகி, அவள் கல்யாணத்துக்கு முன்னால் வந்து குந்திக்கொண்டது. இரண்டாவது இடமும் இதே பேச்சால் போனால் மூன்றாவது வராது என்று தரகரே சொல்லியிருந்தார். "இதையும் வுட்டுட்டீங்கன்னா எங்கிட்ட கேக்காதீங்கம்மா" என்றார்.

இரண்டாவது இடம் வலங்கைமான். மாப்பிள்ளை ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். அவர் போட்டோதான் வந்தது. அவருடைய அப்பா, அம்மா, கல்யாணமான அக்கா, கூடத் தரகர் என்று நான்கு பேர் வந்தார்கள். மத்தியானம் வருவதாகச் சொன்னவர்கள், குடவாசலில் கார் பஞ்சராகி, வந்து இறங்கியபோது விளக்கு வைத்து நாழியாகியிருந்தது. நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்தேன். காரியம் கூடி வந்தால் வந்து கும்பிடுகிறேன், அவர்கள் போகும் வரைக்கும் சாப்பிடமாட்டேன் என்று வலங்கைமான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். அம்மன் கேட்டாளா என்ன? நானாகச் சொன்னதுதான்.

ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் ஜமுக்காளத்தில். அந்த அம்மா அரக்கு நிறத்தில் பட்டு கட்டியிருந்தார். நல்ல அழுத்தமான பட்டு, இப்போது அந்த மாதிரி வருவதில்லை. பக்கத்தில் ஒரு மஞ்சள் பை, வாய் முடிச்சுப் போட்டு. உள்ளே பூ இருக்கிறது என்று வாசனையே சொன்னது. பெண்ணைப் பிடித்திருந்தால் அங்கேயே தலையில் பூ வைத்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் முடிச்சை அவிழ்க்காமல் எடுத்துப் போவார்கள். நான் அந்த முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் காப்பித் தட்டோடு வந்தாள். இங்கே காப்பியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு டம்ளர் விளிம்பு வரைக்கும் ஊற்றவேண்டும். என் மாமியார் போட்டுவிட்டுப் போன சட்டம். குறைத்து ஊற்றினால் "டம்ளருக்கு என்ன வயித்துவலியா?" என்று கேட்பார். அன்றைக்கும் விளிம்பு வரைக்கும் ஊற்றியவள் நான்தான்.

அவள் குனிந்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் தட்டை நீட்டினாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். அப்போதுதான் எனக்கு அது வந்தது.

முதலில் காதில். அடுப்படியில் ஸ்டாண்டில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் கிடுகிடுவென்றன. பூனை என்று நினைத்தேன். பிறகு காலில். நாற்றங்காலில் நிற்கும்போது பாதத்துக்குக் கீழே சேறு நழுவும் பாருங்கள், அப்படி. ஆனால் நிற்பது வழவழத் தரையில். ஷோகேஸுக்குள் வாத்தும் குஞ்சுகளும் ஒன்றோடொன்று இடித்து மணி மாதிரி சத்தம் போட்டன. மின்விசிறி ஆடியது. அது எப்போதுமே ஆடுகிற விசிறி. கொல்லையில் மாடு கத்தியது. இதெல்லாம் இப்போது அடுக்கிச் சொல்கிறேன். அப்போது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். விழப்போகிறேன். சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால், பெண்ணின் அம்மா கையைக் காலை உதறிக்கொண்டு விழப்போகிறாள். அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அப்படியானால் ஊர் சொன்னது நிஜம்தானோ? இந்த வியாதி என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்கிறதோ?

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். விழுந்தாலும் சிரித்த முகமாக விழவேண்டும் என்று எப்படித்தான் தோன்றியதோ.

அந்த நேரத்தில் டம்ளர் சாய்ந்து, காப்பி முழுதும் அந்த அரக்குப் பட்டில் கொட்டியது. தட்டு தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. என் மகள் தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறி, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு.

அந்த நேரத்துக்குள் என் காலும் சரியாகிவிட்டது. வாத்தும் ஓய்ந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னங்க இது, பொண்ணு கை இப்படி நடுங்குது? ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. காலையிலேர்ந்து மாவு இடிச்சா. கை அசந்துபோச்சு," என்றேன்.

மாவு மில்லில் அரைத்தது. எங்கள் வீட்டு உரலில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது.

"வெக்கம்மா, வெக்கம்," என்றார் தரகர். ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் வேர்வை. "இந்தக் காலத்துல இப்படி வெக்கப்படுற பொண்ணு எங்க கெடைக்குது?"

மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்தபடி, "மேட்டூர்ல தண்ணி எப்படி இருக்காம்?" என்றார்.

"எறங்கிகிட்டேதான் இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். அவர் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"குறுவை அறுத்தாச்சா?"

"அறுத்தாச்சு. ஈரமா இருக்குன்னு கொள்முதல்ல எடுக்க மாட்டேங்குறான்."

எங்கள் பக்கத்தில் பேச்சு எங்கே தடுமாறினாலும் மேட்டூரில் போய் ஒதுங்கிக்கொள்ளலாம். அவர்கள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் ஈரத்துணி கொண்டுவந்து சேலையைத் துடைக்கக் குனிந்தேன். "பரவால்லங்க, வுடுங்க, வுடுங்க" என்று என் கையைத் தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கேசரியை யாரும் தொடவில்லை.

"ஊருக்குப் போயி தகவல் சொல்லி அனுப்புறோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். மஞ்சள் பை முடிச்சு அவிழாமலே காரில் ஏறியது.

கார் போனதும் நான் வாசல் கதவைச் சாத்தினேன். விளக்கு எரிகிற நேரத்தில் வாசல் கதவைச் சாத்தக்கூடாது. தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வந்து "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"எல்லாம் நீ ஊத்துன காப்பி. ஆத்தைக் கொண்டாந்து டம்ளர்ல ஊத்தி வச்சா?" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

என் மகள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் பயப்படலம்மா. ஒடம்பே ஆடுச்சு," என்றாள்.

"தலை சுத்துச்சாடி?"

"ஆமா."

நான் தரையில் கிடந்த தட்டை எடுத்தேன்.

"எனக்கு நெசமாவே வலிப்புத்தான் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"சீ, வாயக் கழுவு," என்றேன். எனக்கும் ஆடியது என்று சொல்லவில்லை. சொன்னால் அவள் பயம் உறுதியாகிவிடும், அம்மாவிடமிருந்து வந்த வியாதி என்று ஆகிவிடும். கேசரியை எடுத்து மாட்டுக் கழுநீரில் கொட்டினேன். நெய் ஊற்றிச் செய்த கேசரி. மாடுகூட அன்றைக்கு வாய் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் பால் சொசைட்டிக்குப் போனேன். தலையில் முக்காடு போடாத குறை. யார் முகத்தையும் பார்க்காமல் கேனை நீட்டினேன். பால் ஊற்றிக்கொள்கிறவர், "அக்காவுக்குத் தெரியுமா, நேத்து பூமி அதிர்ச்சியாம்ல," என்றார்.

"எங்க?"

"எங்கயா? இங்கதான். நம்ம காலுக்குக் கீழ. கடலுக்குள்ள எங்கயோ ஆடி இங்க வரைக்கும் வந்துருக்கு. ரேடியோவுல சொல்றான்."

நான் கேனைக் கீழே வைத்தேன். ஏதோ அந்தத் தரை இன்னும் ஆடுகிற மாதிரி குனிந்து தொட்டுப் பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து பால் சொசைட்டியில் ஒரே பேச்சு. கேட்கவேண்டுமே அதை. ஊரே தள்ளாடியிருக்கிறது. ரேடியோக்காரன் சொல்லும் வரைக்கும் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

மேலத்தெருவில் ஒரு மாமியார், மருமகள் வேண்டுமென்றே கட்டிலை உதைத்தாள் என்று ஒரு பாட்டம் சண்டை போட்டு முடித்திருந்தார். மருமகள் அப்போது கிணற்றடியில் இருந்திருக்கிறாள். அதுவும் எடுபடவில்லை. "ஒதச்சிட்டு ஓடிப்போயி நின்னா" என்றாராம். தினமும் சாயங்காலம் கொஞ்சம் போட்டுக்கொண்டு வருகிற ஒருத்தர், அன்றைக்குப் போடாமலே தள்ளாடியதில் பயந்துபோய், இனிமேல் தொடுவதில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். காலையில் செய்தி தெரிந்ததும், "அநியாயமா சத்தியம் பண்ண வச்சிட்டானுவளே" என்று பால் சொசைட்டித் திண்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் சிரித்த சிரிப்பில் பால்காரர் நான் கொண்டுபோன பாலை இன்னொருத்தர் கணக்கில் எழுதிவிட்டார். முந்தின ராத்திரி முழுக்க அழுத கண், அப்படிச் சிரித்தது.

வீட்டுக்கு ஓடிவந்து மகளிடம் சொன்னேன். "பூமிதாண்டி ஆடுச்சு. ஒனக்கு ஒண்ணுமில்லடி." அவள் நம்பவில்லை. அவளைத் தேற்றுவதற்காக நான் கட்டிவிட்ட கதை என்று நினைத்தாள். அவள் அப்பா டீக்கடையிலிருந்து பேப்பரைக் கொண்டுவந்து, இந்த இடம் என்று விரலால் காட்டிய பிறகு படித்துப் பார்த்தாள். படித்துவிட்டுப் பேப்பரை மடித்தாள்.

"இது அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அதுதானே. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

தெரியாமல் என்ன? வலங்கைமானில் பேப்பர் வராதா? ஆனால் தெரிந்தும் தகவல் வரவில்லை. ஒவ்வொரு நாளாகப் போனது. தரகரை அனுப்பிக் கேட்கலாம் என்றால், அவர் அன்றைக்கே நெஞ்சுவலி என்று கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டார். பூமி ஆடியதை ஹார்ட் அட்டாக் என்று நினைத்திருக்கிறார் மனிதர். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள் என்று சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாமளே போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்ன?" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"பொண்ணு வூட்டுக்காரன் அவங்க பின்னால ஓடுறதா? போயி என்னான்னு சொல்றது? பூமி ஆடுனதால காப்பி கொட்டிப்போச்சுன்னா? கேக்குறவன் சிரிக்க மாட்டான்?"

"ஆடுனது நெசந்தானே."

"நெசந்தான். எனக்கும்தான் ஆடுச்சு. பிரஷருன்னு நெனச்சேன்," என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். வயலில் அப்போது மண்வெட்டிக்கு வேலையே இல்லை.

மாரியம்மனுக்கு வேண்டுதல் இருக்கிறது, வலங்கைமான் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வேண்டுதல் பொய்யில்லை. காரியம்தான் கூடி வரவில்லை. கொல்லையில் பழுத்த வாழைச் சீப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ் போர்டு எனக்குப் படிக்க வராது. ஏறுவதற்கு முன்னால் கண்டக்டரைக் கேட்பேன், ஏறிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பேன், இறங்குவதற்கு முன்னால் இன்னொருத்தரைக் கேட்பேன். மூன்று பேரும் ஒரே ஊரைச் சொன்னால் சரி.

கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தெருவை விசாரித்தேன். "ஷார்ஜாக்காரர் வீடுங்களா? பச்சை பெயிண்ட் மாடி" என்று காட்டினார்கள். அந்தத் தெருவில் நடந்தேன் பாருங்கள், அந்த மாதிரி நடை நான் அதற்கு முன்னால் நடந்ததில்லை. பெண்ணைப் பெற்றவள், அழைக்காமல், தனியாக, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பையன் வீட்டுப் படி ஏறுகிறாள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். என் செருப்புச் சத்தம் எனக்கே நாராசமாக இருந்தது.

கதவைத் திறந்தது அந்த அம்மாதான். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"வாங்க," என்றார். "கோயிலுக்கா?"

"ஆமாங்க. அம்மனப் பாத்தேன். அப்படியே..."

அப்படியே என்ன என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் உட்கார்ந்தேன். அசைந்தால் சத்தம் வந்தது, அதனால் அசையாமல் உட்கார்ந்தேன். மழையைப் பேசினோம். உளுந்து விலையைப் பேசினோம். பூமி என்கிற வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மூன்றாம் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. பேப்பரில் அவ்வளவு பெரிதாக வந்த விஷயம், ஊரெல்லாம் பேசுகிற விஷயம், நாங்கள் மட்டும் பேசவில்லை.

அவர் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் கையில் வாங்கினேன். இப்போது சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததும் வெட்கத்தில் என் கை வெடவெடவென்று நடுங்கியது. சொம்புத் தண்ணீர் தளும்பி மடியில் கொட்டியது.

அந்த அம்மா சொம்பைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார்.

"திரும்பியும் ஆடுதா?" என்றார்.

அவ்வளவுதான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சொம்போடு நானும் ஓடினேன். அவர் காலில் செருப்பில்லை, நான் ஈரச் சேலையோடு. நடுத்தெருவில் போய் நின்றோம். கோலம் போட்டவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"என்னக்கா, என்ன?" என்று எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஆடலியா?" என்றார் இவர்.

"எது?"

நான் சொம்பைக் காட்டி, மெதுவாக, "இல்லங்க. எங் கைதான்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றார்.

"அன்னிக்கு ஒங்க பொண்ணு கொட்டலங்க," என்றார். "நான்தான் அது கைய புடிச்சு இழுத்தேன்."

"நீங்களா?"

"தலை சுத்துச்சு. எங்கம்மா இப்படித்தான் ஒரு நா தலை சுத்துதுன்னு உக்காந்தாங்க. உக்காந்தவங்களுக்கு ஒரு பக்கம் வராம போயிருச்சு, அஞ்சாறு வருசம் படுக்கையில. எனக்கும் வந்துருச்சுன்னு நெனச்சேன். கைக்கு ஆப்பட்டத புடிச்சேன். அது ஒங்க பொண்ணு கை. சொல்லிருக்கணும். பொண்ணு பாக்க போன எடத்துல மாமியாருக்குப் பக்கவாதம்னா, யாரு பொண்ணு குடுப்பா சொல்லுங்க?"

"அப்புறம் தகவலே வரலியே."

"மறுநா பேப்பர்ல பாத்ததும் எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. அந்தப் புள்ளை தரையில உக்காந்து என்னையே பாத்துது. அதுக்குத் தெரியும், நான் இழுத்தேன்னு. பேசாம இருந்தேனே. எந்த மூஞ்சிய வச்சிகிட்டு வர்றது?"

என் மகளுக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எங்களிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. வந்தவர்கள் மேல் பழி போடுவதாக ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விடாமல், "பூமி ஆடுனது சரி. அம்மா இழுத்ததும் சரி. பொண்ணு ஏன் அப்படித் தொப்புனு உக்காந்துச்சு? அதுக்கு வலிப்புன்னு ஒரு பேச்சு காதுல வுழுந்துது," என்றார்.

நேராகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். முதல் சம்பந்தக்காரர்கள்கூடக் கேட்டதில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தீமிதியைச் சொன்னேன், வெயிலைச் சொன்னேன், பஞ்சுமிட்டாயைச் சொன்னேன். பிறகு சொன்னேன்:

"தரை ஆடுச்சு, அது உக்காந்துச்சு. நாமதான் உக்காராம புடிச்சிகிட்டு நின்னோம்."

உள் அறையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா குரல் வந்தது. அவர் அதுவரைக்கும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நான் உக்காந்துதான் இருந்தேன். நாக்காலிதான் என்னை வுட்டுட்டுப் போவப் பாத்துச்சு."

அடுத்த முகூர்த்த நாளில் வந்தார்கள். அதே மஞ்சள் பை, புதுப் பூ. தரகரும் வந்தார், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைத் தோல்பையில் வைத்துக்கொண்டு. "எனக்குக் கொழுப்பே இல்ல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கூடத்தில் ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. இப்போது அவரவருக்கு எப்படி ஆடியது என்று போட்டி போட்டுச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்ததை அவரே நடித்துக் காட்டினார். நான் அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பாலைக் காய்ச்சினேன்.

மகள் பக்கத்தில் வந்து டம்ளர்களை வரிசையாக வைத்தாள்.

"அப்பாவுக்கும் ஆடுச்சாம்," என்றாள்.

"ஆமா."

"ஒனக்கு?"

நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"ஆடுச்சு," என்றேன்.

"அன்னிக்கு நான் கேட்டேனேம்மா."

பூமி ஆடிய அன்றைக்கு, அத்தனை பேர் முன்னால் காப்பி கொட்டியதற்கு, கேசரி வீணானதற்கு, கதவைச் சாத்தியதற்கு, அழைக்காமல் போய் ஒரு வீட்டில் சொம்பைத் தளும்பவிட்டதற்கு எல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது உண்டு. அதெல்லாம் சொல்லிச் சிரிக்கிற வெட்கம். அவள் அப்படிக் கேட்டபோது வந்தது வேறு. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கும் ஆடியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் அந்த ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கமாட்டாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் எப்படி வலிப்பு வரும் என்று அவளே கண்டுபிடித்திருப்பாள். படித்தவள்.

டம்ளர்களில் ஊற்ற ஆரம்பித்தேன். முதல் டம்ளரில் காப்பி மேலே ஏறிவந்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாகத்தான் பிடித்தாள்.

"போதும்மா," என்றாள். "பாதி ஊத்து."

பாதி ஊற்றினேன். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.